பின்வாசல் தெருக் குழாய்

மருதூரணி நகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற அதிக நேரம் ஆகாது. கமிஷனர் ஜமால் முகம்மது பொருளைப் படிப்பார். சேர்மன் சாத்தப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டின் நுனியால் துடைத்தபடியே, "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்பார். யாரும் பேச மாட்டார்கள். தலைக்கு மேலே மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றும். துடைத்த கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறியதும், "ஏகமனதாக" என்பார். கமிஷனர் எழுதிக்கொள்வார். அடுத்த பொருள்.

கை தூக்கி ஓட்டெடுக்கும் பழக்கம் அங்கே இல்லை. சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது, மருதூரணியில் இல்லை. மன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவருக்கொருவர் மாமன், மைத்துனன், பங்காளி, சம்பந்தி. அப்படி எதுவும் ஆகாதவர்கள் ஒருவர் கடையில் இன்னொருவர் கணக்குப் பார்ப்பவராக இருந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர் சேவுகனின் மகனுக்குத்தான் சேர்மன் தன் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தார். சேவுகன் கடைவீதியில் நின்று நகராட்சி நிர்வாகத்தைக் கிழிகிழி என்று கிழிப்பார். மன்றத்துக்குள் வந்ததும் மௌனம். "நான் ஆதரிச்சேனா? வாயே தொறக்கலியே" என்று தன் கட்சிக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளலாம். "நான் எதுத்தேனா? வாயே தொறக்கலியே" என்று சம்பந்தியிடமும் சொல்லிக்கொள்ளலாம். ஒரே மௌனம் இரண்டு வீட்டு விருந்துக்கும் போய் வந்தது.

இத்தனை பேருடைய மௌனத்திலும் உண்மையான மௌனம் ஒன்றுதான். அது கவுன்சிலர் வீரையாவுடையது. மற்றவர்கள் பேசாமல் இருந்தார்கள். அவருக்குப் பேச வராது.

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகப்பு ஒரு தெருவில் இருக்கும். உள்ளே போய் வளவு என்னும் நடுமுற்றத்தைக் கடந்து, இரண்டாங்கட்டையும் கடந்து, அடுப்படிப் பக்கமிருக்கும் கதவைத் திறந்தால் அடுத்த தெருவில் நிற்போம். மருதூரணியில் மேலத்தெரு வீடுகளும் கீழத்தெரு வீடுகளும் அப்படி முதுகோடு முதுகு பார்த்து நின்றன. நடுவில் ஓடியது பின்வாசல் தெரு. இரண்டு பக்கமும் முதுகுச் சுவர்கள், வண்டிக் கொட்டடிகள், விறகு அறைகள். முதலாளிச் செட்டியார்கள் மெட்ராஸிலும் பினாங்கிலும் இருக்க, வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள், சமையல் ஆட்கள், வண்டிக்காரர்கள் எல்லாரும் அந்தத் தெருவில்தான் குடியிருந்தார்கள். வீரையாவும் அப்படிப் பூட்டிக்கிடந்த ஒரு மேலத்தெரு வீட்டின் காவல்காரர். காலையில் ஒவ்வோர் அறையாகத் திறந்து காற்றாட விட்டு, கூட்டி, சாயங்காலம் விளக்கேற்றிப் பூட்டுவார். பேச ஆளில்லாத வேலை. அதனால் அவருக்குப் பேச்சு வராமல் போனதா, பேச்சு வராததால் அந்த வேலை பிடித்ததா என்பது அவருக்கே தெரியாது.

அவர் கவுன்சிலரானது மனைவி புஷ்பவள்ளியால். பெரிய ஆட்கள் இரண்டு பேர் பின்வாசல் தெரு இருந்த வார்டுக்கு அடித்துக்கொண்டபோது, யாருக்கும் பகையில்லாத ஆளாக ஒருவரைத் தேடினார்கள். வாயே திறக்காதவருக்குப் பகை எங்கிருந்து வரும்? வீரையாவை நிறுத்தினார்கள். பிரசாரம் முழுக்கப் புஷ்பவள்ளி. "எங்க வீட்டுக்காரரு பேச மாட்டாரு, செஞ்சு காட்டுவாரு" என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொன்னாள். "நம்ம தெருவுக்குக் குழாய் வரும். எண்ணி வச்சுக்கங்க" என்றும் சொன்னாள். அந்த வட்டாரத்தில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குளிக்கலாம், பாத்திரம் துலக்கலாம். குடிக்க வேண்டுமென்றால் ஊர்க்கோடி ஊரணிக்குத்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மற்ற தெருக்களுக்கெல்லாம் நகராட்சி ஆழ்குழாய் போட்டு மேல்நிலைத் தொட்டி கட்டிக் குழாய் வைத்திருந்தது.

வீரையாவின் மனுவும் ஒருநாள் மன்றத்துக்கு வந்தது. 1971ஆம் ஆண்டுக் கோடை அது. கமிஷனர் படித்தார்: "பின்வாசல் தெருவில் குழாய் கேட்டு மனு. நகராட்சிப் பதிவின்படி எல்லா வீடுகளின் கதவிலக்கமும் மேலத்தெருவிலும் கீழத்தெருவிலும் உள்ளன. பின்வாசல் தெருவில் வீடுகள் இல்லை. வீடுகள் இல்லாத தெருவுக்குக் குழாய் வைக்க விதியில்லை. மனு நிராகரிக்கப்படலாம்."

வீடே இல்லாத தெருவிலிருந்து ஒரு கவுன்சிலர் எப்படி வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

"ஆட்சேபணை உண்டா?"

வீரையாவுக்கு வாய்க்குள் ஏதோ வந்தது. அது நாக்குக்கு வந்து சேருவதற்குள் கண்ணாடி மூக்கில் ஏறிவிட்டது.

"ஏகமனதாக."

வீட்டுக்குப் போனதும் புஷ்பவள்ளி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க ஆச்சு?"

"வைக்க முடியாதுன்னுட்டாக."

"யாரு?"

"ஏகமனதா."

"அப்படின்னா?"

"எல்லாரும் ஒரே மனசா."

"அந்த எல்லாருல நீங்களும் உண்டா?"

வீரையா செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார்.

"ஆட்சேபணை உண்டான்னு கேட்டாகளா, கேக்கலியா?"

"கேட்டாக."

"நீங்க என்ன சொன்னீக?"

வீரையா செருப்புகளை நேராக்கினார்.

"இப்பச் சொன்னீகளே, அதையேதான் அங்கயும் சொன்னீகளாக்கும்!" புஷ்பவள்ளி இடுப்பில் இருந்த குடத்தைத் தரையில் வைத்தாள். காலிக் குடம் சத்தம் போட்டது. "வீடு வீடாப் போயி தொண்டத்தண்ணி வத்தப் பேசுனவ நான். இப்ப அந்தத் தண்ணிக்கே மொத ஆளா நீங்க மண்ணள்ளிப் போட்டுட்டு வந்திருக்கீக. அதுவும் ஏகமனதா! ரெண்டு பேருக்கும் சேத்து நான் ஒருத்தி பேசிப்பேசித்தான் உங்களுக்கு இந்த வியாதி முத்திப்போச்சு. இன்னியோட நிறுத்திக்கிறேன். இந்தத் தெருவுல குழாய் வந்து, அதுல தண்ணி வந்து, என் குடம் நெறையிற அன்னைக்குத்தான் உங்களோட பேசுவேன்."

சொன்னபடியே நிறுத்திக்கொண்டாள்.

முதல் இரண்டு நாட்கள் வீரையாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. மௌனத்தில் வாழ்ந்தவருக்கு மௌனத்தைக் காட்டிப் பயமுறுத்த முடியுமா என்றுகூட உள்ளுக்குள் ஒரு சின்னச் சிரிப்பு. பிறகுதான் புரிந்தது. இத்தனை வருஷமாக அவர் வாழ்ந்தது மௌனத்தில் அல்ல; புஷ்பவள்ளியின் பேச்சுக்குப் பக்கத்தில். பூட்டிய வீட்டின் எந்த அறையில் நின்றாலும், பின்கட்டிலிருந்து அவள் அம்மியையோ, அரிசியில் கிடந்த கல்லையோ, பினாங்கு முதலாளியையோ திட்டிக்கொண்டிருப்பது காதில் விழும். அந்தச் சத்தம் ஒரு ஓரத்தில் எரிகிற விளக்கைப் போல இருந்ததால்தான் அத்தனை பெரிய வீட்டிலும் அவருக்குப் பயமில்லாமல் இருந்தது. இப்போது தட்டில் சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது, சொல் விழவில்லை.

அதைவிடக் கொடுமை, அவள் ஊமையாகிவிடவில்லை. எதிர் கொட்டடியில் குடியிருந்த ஹாஜிராவோடு வாசலில் நின்று சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். அவர் ஏக்கத்தோடு கேட்டுக்கொண்டிருப்பார். அவள் தன் வீட்டு நிலைப்படியில் கால் வைத்ததும் பேச்சு அறுந்துவிடும்.

ஒருநாள் ஹாஜிராவே பொறுக்காமல் கேட்டுவிட்டாள். "என்னண்ணே, பொண்டாட்டிய இப்படி ஊமையாக்கி வச்சிருக்கீக? ஒரு வார்த்தைதானே, அங்குட்டுச் சபையில சொல்லிப்புட்டு வந்தா என்ன?"

ஒரு வார்த்தைதான். வீரையா யோசித்துப் பார்த்தார். தண்ணீர் இல்லை, குடம், ஊரணி, வெயில் என்று பேச்சாகப் பேசத் தன்னால் ஆகாது. ஒரு வார்த்தையென்றால் முடியலாம். 'ஆட்சேபணை' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்.

பூட்டிய வீட்டின் வளவில் நின்று பழகினார். முதலில் உதடு மட்டும் அசைந்தது. பிறகு சத்தம் வந்தது. தேக்குத் தூண்கள் அந்தச் சொல்லை வாங்கி, மேல்மாடம் வரை கொண்டுபோய், திருப்பி அனுப்பின. 'சேபணை... பணை...' என்று நாலு பக்கமும் கேட்டது. முற்றத்துக்கு மேலே போட்டிருந்த கம்பிவலையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் படபடத்துக் கிளம்பின. தன் குரல் அவ்வளவு பெரியதென்று வீரையாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அடுத்த கூட்டத்துக்கு அந்த வார்த்தையைத் தலையில் வைத்த நீர்க்குடம் போலச் சிந்தாமல் கொண்டுபோனார். வழியில் யாராவது வணக்கம் சொன்னால்கூடத் தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறந்தால் வார்த்தை செலவாகிவிடும் என்று பயம்.

கூட்டம் தொடங்கியது. கமிஷனர் ஏதோ படித்தார். வீரையாவின் காதில் எதுவும் விழவில்லை. அவர் சேர்மனின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி கழன்றது. துண்டின் நுனி வந்தது.

"ஆட்சேபணை உண்டா?"

"ஆட்சேபணை!"

மன்றம் அந்த மாதிரிச் சத்தத்தைக் கேட்டதில்லை. காபித் தம்ளர்களோடு வந்துகொண்டிருந்த ஆள் வாசலிலேயே நின்றுவிட்டான். சேர்மனின் கையிலிருந்த கண்ணாடி நழுவி மேசையில் விழுந்தது.

"வீரையா," என்றார் சேர்மன் மெல்ல. "இது நம்ம தங்கச்சாமி காலமானதுக்கு இரங்கல் தீர்மானம்ப்பா."

முன்னாள் உறுப்பினர் தங்கச்சாமி நல்ல மனுஷர். பார்க்கும்போதெல்லாம் வெற்றிலை கொடுப்பார். வாபஸ் வாங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு வார்த்தை. வாபஸ் என்ற வார்த்தையைப் பழகிக்கொண்டு வரவில்லை.

கமிஷனர் தொண்டையைச் செருமினார். "ஆட்சேபணை வந்திருப்பதால் வாக்கெடுப்புக்கு விட வேண்டும், சேர்மன் ஐயா. ஆதரிப்பவர்கள் கை தூக்க வேண்டும்."

ஒரு கையும் எழவில்லை. தங்கச்சாமி மேல் கோபமா என்றால் இல்லை. இன்றைக்கு ஒன்றுக்குக் கை தூக்கிவிட்டால் அடுத்ததற்கும் தூக்க வேண்டிவரும். அடுத்தது என்னவென்று எல்லாருக்கும் தெரியும். பூங்காவில் ஊருக்குப் பொதுவாக ஒரு ரேடியோ வைத்து, அதைத் திறந்துவைக்க மந்திரியை அழைத்திருந்தார் சேர்மன். அவருடைய வாழ்நாள் கனவு அது. வரவேற்பு வளைவுக்கும் பந்தலுக்கும் மன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும். மந்திரி சேர்மனின் கட்சி. எல்லாரும் சேவுகனைப் பார்த்தார்கள். சேவுகன் விசிறியைப் பார்த்தார்.

"ஒத்திவைக்கிறேன்" என்றார் சேர்மன். "அடுத்து, மந்திரி வரவேற்பு. இதுக்கு யாருக்கும்..." கேட்காமல் விட்டுவிடலாமா என்பதுபோல ஒரு கணம் தயங்கினார். கமிஷனர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "...ஆட்சேபணை உண்டா?"

"ஆட்சேபணை" என்றார் வீரையா. இப்போது குரல் சன்னமாக இருந்தது. தொடங்கிவிட்டார்; நிறுத்தத் தெரியவில்லை. அன்றைக்குச் சாக்கடைக்கும் ஆட்சேபணை, சந்தைக் கூரைக்கும் ஆட்சேபணை. கூட்டமே ஒத்திவைக்கப்பட்டது.

ஊரில் வேறு பேச்சில்லை. வீரையாவுக்குப் பின்னால் காரைக்குடியில் ஒரு பெரிய கை இருக்கிறது என்றார்கள். காரைக்குடியில் இல்லை, மெட்ராஸில் என்றார்கள். இரண்டு வருஷமாக வாய் திறக்காமல் எல்லாரையும் கணக்கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறான், பெரிய அரசியல் மண்டை என்றார்கள். தங்கச்சாமியின் மகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்வாசல் தெருவுக்கே வந்துவிட்டார்.

"எங்கய்யா உங்களுக்கு என்ன செஞ்சாக? அதைச் சொல்லுங்க. வாய்க்கா வரப்பா? கொடுக்கல் வாங்கலா?"

வீரையா இல்லையென்று தலையாட்டினார்.

"அப்ப அதைவிடப் பெருசா?" என்று கேட்டவர், தானே ஏதோ முடிவுக்கு வந்தவராக, "மனசுலயே வச்சுக்கங்க, வெளிய சொல்லிப்பிடாதீக" என்று கண் கலங்கக் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

புஷ்பவள்ளி எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பா கோபமா என்று வீரையாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு ஊரணிக்குக் கிளம்பிவிட்டாள்.

அன்று சாயங்காலமே சேவுகன் சம்பந்தி வீட்டுக்குப் போனார்.

"சம்பந்தி, மறுபடி ஓட்டுக்கு மட்டும் விட்றாதீக."

"நானா விடுறேன்? அவன்ல கத்துறான்."

"நான் கை தூக்கினா என் கட்சிக்காரன் சட்டையப் பிடிப்பான். தூக்காட்டி உங்க மக கேக்கும். வெளியில இல்ல, என் வீட்டுக்குள்ளயே. காலையில காப்பி அது கையாலதான் வருது. நெனச்சுப் பாருங்க."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீக?"

"அவனுக்கு என்ன வேணுமாம், கேட்டீகளா?"

சேர்மன் யோசித்தார். இத்தனை நாளில் யாருமே அதைக் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம், கார் போனால் ஊர் பார்க்குமே என்று, சாத்தப்பன் தன் வீட்டுப் பின்வாசல் வழியாகப் புறப்பட்டார். அந்தக் கதவைத் தாண்டி அவர் வெளியே கால் வைத்தது அதுவே முதல் தடவை. எதிர்ச் சுவரில் நாலு எட்டில் வீரையாவின் வீடு. இவ்வளவு பக்கத்திலா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே உள்ளே போனார். வீரையா பதறி எழுந்து, முதலாளிகளின் நாற்காலி ஒன்றை உள்ளேயிருந்து தூக்கிவந்து போட்டார்.

"ஏம்ப்பா வீரையா, ஒனக்கு என்னதான் வேணும்?"

வீரையா வாயைத் திறந்தார். மூடினார். புஷ்பவள்ளியைப் பார்த்தார். அவள் நிலையில் சாய்ந்து நின்று கூரையைப் பார்த்தாள். 'என்ன வேணும்னு இத்தனை நாள் கழிச்சுக் கேக்குறாக, சொல்லுங்களேன்' என்பது போல இருந்தது அந்தப் பார்வை. ஆனால் சொல்லவில்லை.

இரண்டு ஊமைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த சேர்மனுக்கு வியர்த்தது. "சரி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார், பேச்சைத் தொடங்கிவைக்கும் உபாயமாக.

புஷ்பவள்ளி குடத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டும் இல்லை. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.

சேர்மன் காத்திருந்தார். இந்தா வந்துவிடுவாள் என்று நினைத்தார். தெருவில் வெயில் வெள்ளையாகக் கிடந்தது. வீரையா கைகட்டி நின்றார். "உக்காருப்பா" என்றார் சேர்மன். உட்கார்ந்தார். ஒரு பல்லி சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய், திரும்பி வந்தது. சேர்மன் துண்டால் விசிறிக்கொண்டார். "மழை இல்ல இந்த வருஷம்" என்றார். வீரையா தலையாட்டினார். மறுபடி மௌனம். மன்றத்தில் அவர் கூட்டந்தோறும் கேட்டுவாங்கும் மௌனம்தான். அங்கே அது கண்ணாடி துடைக்கும் நேரத்துக்குமேல் நீடித்ததில்லை. அந்த மௌனத்துக்குள் இத்தனை நேரம் உட்கார்ந்திருந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாது. எழுந்து போகலாம்தான். தண்ணீர் கேட்டுவிட்டு, கேட்ட இடத்தில் குடிக்காமல் எழுந்து போவது மரியாதையில்லை.

"எங்கப்பா போச்சு ஒம் பொண்டாட்டி? ஊரைவிட்டே போயிருச்சா?"

வீரையா கையைத் தூக்கித் திசையைக் காட்டினார். ஊரணித் திசை. ஊர்க்கோடி.

சேர்மனின் விசிறல் நின்றது.

புஷ்பவள்ளி வந்தபோது முந்தானை முழுக்க நனைந்திருந்தது. தண்ணீராலா வியர்வையாலா என்று சொல்ல முடியாது. குடத்தைச் சாய்த்துச் செம்பில் ஊற்றி நீட்டினாள். சேர்மன் அண்ணாந்து குடித்தார். முழுச் செம்பையும் குடித்தார். காலிச் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு குடத்தைப் பார்த்தார்.

"இதுதான்" என்றார் வீரையா.

சேர்மன் நேராகக் கமிஷனர் அறைக்குப் போனார்.

"பாய், பின்வாசல் தெருவுக்குக் குழாய் வைக்க வழி பாருங்க."

"வீடில்லாத தெருவுக்கு விதி இல்லைங்க ஐயா."

"என் வீட்டுப் பின்வாசலே அங்கதானய்யா இருக்கு!"

"அந்தக் கதவுக்கு ஒரு இலக்கம் போட்டால் அது அங்கே வீடாகிவிடும். போடட்டுமா?"

சேர்மன் துள்ளிவிட்டார். "ஒரு வீட்டுக்கு ரெண்டு நம்பரா? சாத்தப்பன் வீடு பாகம் பிரிஞ்சு போச்சு, அண்ணனுக்கு முன்வாசல், தம்பிக்குப் பின்வாசல்னு பொழுது போறதுக்குள்ள பினாங்கு வரைக்கும் பேச்சுப் போயிரும். எந்தச் செட்டியாரும் ஒத்துக்கமாட்டாக. வேற சொல்லுங்க."

கமிஷனர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். அவர் இளையான்குடிக்காரர், எத்தனையோ நகராட்சிகளைப் பார்த்துவிட்டு ஓய்வுபெறும் தறுவாயில் இங்கே வந்திருந்தார். சட்டத்தை மீறியதும் இல்லை, சட்டத்தால் யாருக்கும் நல்லது நடக்கும் என்று நம்பியதும் இல்லை.

"மனுஷங்களுக்கு வேறு விதி இல்லைங்க ஐயா" என்றார். பக்கத்தைத் திருப்பினார். விரல் ஓரிடத்தில் நின்றது. "மாட்டுக்கு இருக்கு."

"என்னது?"

"வண்டி மாடு போய்வரும் தெருவில் கால்நடைத் தண்ணீர்த் தொட்டி கட்டலாம். அதற்குக் குழாய் இழுக்கலாம். தெருவில் வீடு இருக்க வேண்டும் என்று இல்லை. மாடு இருந்தால் போதும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தத் தெருவுல மாடு இருக்குல்ல?" என்றார் சேர்மன்.

"வண்டிக்காரர் சின்னக்கருப்பிடம் ஒன்று இருக்கிறது. வயசானது. ஆனால் விதியில் வயசு சொல்லவில்லை."

அடுத்த கூட்டத்துக்கு மன்றம் நிரம்பி வழிந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஜன்னலைப் பிடித்துத் தொங்கினார்கள். முதல் பொருள், பின்வாசல் தெருவில் கால்நடைத் தொட்டி. கமிஷனர் படித்து முடித்தார். சேர்மன் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆட்சேபணை உண்டா?"

எல்லாத் தலைகளும் வீரையா பக்கம் திரும்பின. அவர் உதடுகள் இறுக மூடியிருந்தன. அவர் குழாயைத் தொலைத்த அதே மௌனம்தான். ஆனால் அன்றைக்கு அது அவரை உட்காரவைத்து அழுத்தியது, இன்றைக்கு அவர் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். விசிறி கிறீச்சிட்டது. சேர்மன் வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தார். கண்ணாடியில் துடைக்க ஒன்றும் மிச்சமில்லை.

"ஏகமனதாக!"

சேவுகன் பெருமூச்சு விட்டது ஜன்னலுக்கு வெளியே கேட்டது. அதன்பின் வளைவு, பந்தல், சந்தைக் கூரை எல்லாம் விழுந்தடித்துக்கொண்டு நிறைவேறின. இரங்கல் தீர்மானத்துக்கு எல்லாரும் எழுந்து நின்றார்கள். மற்றவர்கள் உட்கார்ந்த பிறகும் வீரையா நின்றுகொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர் வேட்டியைப் பிடித்து இழுத்துத்தான் உட்காரவைக்க வேண்டியிருந்தது.

தொட்டி கட்டினார்கள். மந்திரி வரும் நாளுக்குள் நகராட்சி வேலை எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்பதால், தொட்டியும் அவற்றோடு சேர்ந்து முடிந்தது. மந்திரி வந்த அன்றைக்கு ஊரே பூங்காவில் கூடியிருந்தது. பின்வாசல் தெருக்காரர்கள் மட்டும் போகவில்லை. அன்றைக்குத்தான் தண்ணீர் விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். வரிசையாகக் குடங்கள். முதல் குடம் புஷ்பவள்ளியுடையது. சின்னக்கருப்பு, விதிப்படி, தன் மாட்டை ஓட்டிவந்து தொட்டிப் பக்கம் நிறுத்தியிருந்தார். அதன் கழுத்தில் யாரோ கதம்பம் கட்டியிருந்தார்கள்.

குழாய் முதலில் இருமியது. செம்மண்ணாகத் துப்பியது. பிறகு வந்தது தண்ணீர்.

"மொதல்ல மாடு குடிக்கணும்ப்பா" என்றார் சின்னக்கருப்பு. "ஆபீஸ்ல சொல்லியிருக்காக." மாட்டின் மூஞ்சியைத் தொட்டிக்குள் தள்ளினார். அது முகர்ந்து பார்த்தது. மருந்து வாடை. தலையை உதறிக்கொண்டு திரும்பிவிட்டது. "கழுநீர் குடிச்சுப் பழகுனது. நகராட்சித் தண்ணி ஒத்துக்காதுபோல."

"அப்ப அதுக்கு ஆட்சேபணைதான்" என்றாள் ஹாஜிரா. தெருவே சிரித்தது.

புஷ்பவள்ளி சிரிக்கவில்லை. குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு, தொட்டியின் நெற்றியில் சிமெண்டில் பதித்திருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். கால்நடைகளுக்கு மட்டும். மறுபடி ஒருதரம் படித்தாள். குடம் நிரம்பி வழியத் தொடங்கியது.

வீரையா நிறைந்த குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க!"

அந்த ஒரு சொல் அவர் காதுக்குள் போனதும் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, இதென்ன எழுதியிருக்கு? கால்நடையா? நான் குழாய் கேட்டனா, தொழுவம் கேட்டனா? ஊருக்கெல்லாம் மனுசக் குழாய், நமக்கு மாட்டுக் குழாயா? இத்தனை பேரும் நாலு காலுலயா நடக்குறோம்? அந்தச் செட்டியாரு அன்னைக்கு என் கையால ஒரு செம்புத் தண்ணி குடிச்சாரே, அவருகிட்ட நாளைக்கே போயிக் கேக்குறேன் பாருங்க. நீங்களும் இதுக்கு ஏகமனதாக்கும்? வாயத் தொறக்கச் சொன்னா செத்தவருக்குத் தொறப்பீக, தொறக்க வேண்டிய எடத்துல..."

அவள் பேசினாள். இத்தனை நாள் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினாள். தொலைவில் பூங்கா ரேடியோ கரகரத்து, பாட ஆரம்பித்து, இந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. எதிர்ச் சுவரில் சேர்மன் வீட்டுப் பின்வாசல் திறந்தது. சமையல்கார ஆயி ஒரு பித்தளைக் குடத்தோடு எட்டிப்பார்த்தாள். "அடுப்படியில இருந்து முகப்புக் குழாய்க்குப் போயி வாரதுக்குள்ள ஒலை கொதிச்சு வத்திருது. ஆச்சிதான் இங்குட்டுப் பிடிச்சுக்கிறச் சொன்னாக" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வரிசையில் கடைசியாகப் போய் நின்றாள். அதற்கப்புறம் கீழத்தெரு வீட்டுப் பின்வாசல் ஒன்று திறந்தது. பிறகு இன்னொன்று.

"இந்தா, செட்டியாரு வீட்டு மாடும் வந்துருச்சு" என்றாள் புஷ்பவள்ளி.

வீரையா கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீர் விழும் சத்தம் ஒரு பக்கம், அவள் குரல் ஒரு பக்கம். இரண்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தன.

கடைசியில் புஷ்பவள்ளி நிரம்பிய குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சொல்லிச் சொல்லி வாய்தான் வலிக்குது. கல்லுக்கிட்டப் பேசலாம், உங்ககிட்ட முடியாது. போதும். இனிமே ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

வீரையா சட்டென்று எழுந்தார்.

"ஆட்சேபணை" என்றார்.